தலையெழுத்து

எம்மெ ஆற்றுப் பாலத்தடியில்
‘கிராட்டிஸ்’ என்று தாளில் எழுதி ஒட்டி
யாரோ விட்டுப் போயிருந்தார்கள்.
மழையில் மை வழிந்து
கடைசி எழுத்து நிலத்துக்கு வந்திருந்தது.
மூன்று கால், ஒற்றைச் சில்லு,
முட்டையைக் கிடையாக வெட்டித்
திரும்ப மூடி வைத்தாற்போல் ஒரு வயிறு.
புர்க்டோர்ஃபில் அன்று பழைய சாமான் எடுக்கும் நாள்.
லொறி வரப் பத்து நிமிடம் இருந்தது.

இழுத்துக்கொண்டு வந்தேன்.
தெரு முழுக்கக் கத்தியது அந்தச் சில்லு.

கரி அடுப்பு என்பது மட்டும் தெரிந்தது.
எந்த ஆண்டு, யார் செய்தது,
என்ன நிறம் என்பதுகூடத் தெரியாது.
கரிக்கு எல்லாம் ஒரே நிறம்.
“நிறம் தெரியாத ஒன்றுக்கா இந்தப் பாடு?”
என்றார் குகனேந்திரன்.

மூடியின் உச்சியில் காற்றுவாய்.
மூன்று துளை, மேலே சுழலும் தகடு.
சுழலவில்லை.
எண்ணெய் விட்டு, ஓர் இரவு விட்டு,
மரச் சுத்தியலால் ஒரு தட்டு.
பல்லி சொன்னதுபோல் ஒரு சத்தம்.
பழைய பல்துலக்கியால் தேய்க்கத் தேய்க்கக்
கறளுக்குள்ளிருந்து ஓர் எழுத்து.
அதுதான் ஆண்டைச் சொல்லும் என்றான் யதுசன்,
கைபேசியிலிருந்து நிமிராமல்.

மூடிதானே தலை. தலையில் எழுத்து.
நான் சிரித்தேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
விளங்கப்படுத்த ஒரு ஜெர்மன் சொல் தேடினேன்.
தேடிக்கொண்டிருக்கையில்
தன் அறைக்குப் போய்விட்டான்.
என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.
அதுவும் மூன்றாம் வருடத்தில்தான் வந்தது.

மூடியின் உட்புறம் பெயின்ட் உரிவதுபோல் உரிந்தது.
பெயின்ட் அல்ல, புகை.
முகம் தெரியாதவர்களின் ஞாயிற்றுக்கிழமைகள்
ஏடு ஏடாய்க் காய்ந்து நின்றன.
அப்பச்சோடா, வினாகிரி, கசக்கிய அலுமினியத் தாள்.
கமக்கட்டு வரைக்கும் கருப்பு எனக்கு.
ஆறாம் நாள் மாலை, ஒரு விரலளவு இடத்தில்
செத்தல் மிளகாய்ச் சிவப்பு.
சட்டியை மட்டும் விட்டுவைக்க முடியுமா?
எட்டாம் நாள் அதிலும் ஒரு விரலளவு.

பச்சை.

பழைய அடுப்புகள் சேர்க்கும் ஊர்ஸ் பீரி
லங்கெந்தாலிலிருந்து வந்தார்.
டார்ச் அடித்து அடித்துளைகளை எண்ணினார்.
கைப்பிடி மரத்தை மோந்து பார்த்தார்.
“சட்டி மூத்தது, பத்துப் பன்னிரண்டு வருடம்.
மூடி வேறோர் அடுப்பினுடையது.
எவரோ எப்போதோ தூக்கி வைத்திருக்கிறார்கள்.
இப்படியே இருந்தால் பெறுமதி இல்லை.
மூடியை மட்டும் தாருங்கள், எண்பது பிராங்.
அதற்கேற்ற சட்டி என் வீட்டில் சும்மா கிடக்கிறது.”

குகனேந்திரன் என்னைப் பார்த்தார்.
நான் மூடியைப் பார்த்தேன்.
யதுசன் ஒன்றும் சொல்லவில்லை.
மூடியைச் சட்டியின் மேல் வைத்து
மெல்ல மெல்லத் திருப்பினான்,
பெட்டகத்துக்குக் காது கொடுக்கும் கள்ளன் மாதிரி.
இங்கே இடைவெளி.
இங்கே இன்னும் கூட.
இங்கே
நின்றான்.
ஆணி எடுத்து, சிவப்பில் ஒரு கீறல்,
நேர் கீழே பச்சையில் ஒரு கீறல்,
என்னுடைய எட்டு நாள் மினுக்கத்தின் மேல்.
பீரி கண்களை மூடிக்கொண்டார்.

ஞாயிறு. ஆற்றங்கரைக் கூழாங்கல்.
கைப்பிடிக்கு பீச் மரத்துண்டு.
வாங்கிப் போட்ட சில்லு
மற்றதைவிட அரை விரல் உயரம்,
அடுப்பு ஆற்றை எட்டிப் பார்த்தபடி நின்றது.
கீறலுக்குக் கீறல் வைத்து மூடினோம்.
ஆனாலும் பாலம் இருக்கிற பக்கத்தால்
ஒரு நூல் புகை வந்துகொண்டே இருந்தது.
காற்றுவாயைத் திறந்தால் நெருப்பு எகிறும்,
அடைத்தால் சோரும்.
விட்டுவிட்டோம்.

முதலில் செர்வெலா வெடித்தது.
பிறகு கத்தரிக்காய், தோல் முழுக்கக் கருகி.
உரி என்று நீட்டினேன்.
“மறுபடியும் கரியா, வதனி?”
என்று கேட்டபோது
பாதி உரித்திருந்தான்.